தலைநகரில் அரை மணி நேரம்

எங்கள் ஊரில் ஒரு ரகசியத்தின் ஆயுள் இருபது நிமிடம். மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை கடைகளை அடைத்துவிட்டுப் பாதி ஊர் தூங்கப் போய்விடும். அப்போது மட்டும் அரை மணி வரை தாங்கும். அந்த அரை மணியை நம்பித்தான், சுதந்திர தினத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, இரண்டு மணி வெயிலில், கடற்கரைச் சாலைப் பழைய லைட் ஹவுஸ் நிழலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு முஹம்மது ஆரிப்புக்காகக் காத்திருந்தேன்.

அவரை எனக்குப் பார்த்திருந்தார்கள். டெல்லியில் கம்ப்யூட்டர் வேலை, பூர்வீகம் கடலூர், அக்கா வீடு எங்கள் ஊரிலேயே, கதிர்காமத்தில். மூன்று நாள் லீவில் வந்து அக்கா வீட்டில் தங்கியிருந்தார். அன்று மாலை ஆறு மணிக்கு அவர் வீட்டார் எங்கள் முல்லா வீதி வீட்டுக்கு இனிப்புத் தட்டோடு வந்து பேச்சை முடித்துக்கொள்வதாக ஏற்பாடு. இனிப்பு வாய்க்குள் போன பிறகு கேள்வி கேட்க முடியாது. எனக்கோ கேட்பதற்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது.

நிக்காஹ்வுக்குப் பிறகு நான் வேலையை விட்டுவிட்டு டெல்லிக்குப் போக வேண்டுமா, இல்லை அவர் இங்கே வருவாரா?

இதே கேள்வியில் ஏற்கெனவே மூன்று வரன்கள் முறிந்திருந்தன. மூன்று முறையும் பெரியவர்கள் "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள். அப்புறம் பார்த்தபோது ஒருவருக்கு துபாய், ஒருவருக்கு பெங்களூர், மூன்றாமவர் வீட்டில் பெண்கள் வேலைக்குப் போகும் வழக்கமே இல்லை. முப்பத்தொரு வயதில் நான்காவது தடவையும் ஏமாற எனக்குத் தெம்பில்லை. இந்த முறை நடுவில் ஆளே இல்லாமல், முகத்தைப் பார்த்துக் கேட்டு, அவர் வாயிலிருந்தே பதிலை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். போனிலேயே கேட்டிருக்கலாமே என்பீர்கள். போனில் எல்லோரும் நல்லவர்கள்.

வீட்டுக்குத் தெரியாது. நிக்காஹ்வுக்கு முன்னால் தனியாகச் சந்தித்துப் பேசுவதென்றால் அம்மா மயக்கம் போட்டு விழுவார், அத்தா, அதாவது அப்பா, தண்ணீர் தெளிப்பார். எனவே அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஆபீசில் இருப்பதாக வீட்டில் சொல்லி, வீட்டில் இருப்பதாக ஆபீசில் சொல்லி வந்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலைதான். சோறும் கொஞ்சம்தான், ஊரே சின்னது.

சின்னதுதான், ஆனால் எங்கள் புதுச்சேரி ஒரு தலைநகரம். சிரிக்காதீர்கள். சட்டசபை, தலைமைச் செயலகம், கவர்னர் மாளிகை எல்லாம் இருக்கின்றன. ஒன்றிலிருந்து கூப்பிட்டால் இன்னொன்றில் காது கேட்கும். முப்பது எம்.எல்.ஏ.க்கள் இருக்கிறார்கள். ஒரு தொகுதிக்குத் தெருக்கள் கொஞ்சம் என்பதால் காதுகுத்துக்கும் எம்.எல்.ஏ. வருவார், போன தேர்தலில் தோற்றவரும் வருவார். இருவரையும் ஒரே சோபாவில் உட்காரவிடாமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு. ஓர் அமைச்சரிடம் பால்காரர் "நேத்தே சொன்னேன்ல சார், பாத்திரத்த வெளிய வையுங்கன்னு" என்று கோபித்துக்கொண்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். இந்த ஊரில் பெரிய மனிதர் என்று யாரும் இல்லை. அதனாலேயே எல்லோருக்கும் முன்வரிசை நாற்காலி வேண்டும்.

அந்த நாற்காலிதான் என் வேலை. அரசு விழாக்களில் யார் எங்கே உட்காருவது என்று பட்டியல் எழுதும் பிரிவில் நான் உதவியாளர். வருடம் முழுக்க என்னை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆகஸ்ட் பிறந்தால் பதினைந்து நாளைக்கு நான்தான் ராணி. சந்தையில் எனக்கு மட்டும் கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி விழும்.

ஆரிப் ஆட்டோவில் வந்து இறங்கினார். நீலச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றியதும் போட்டோவில் இருந்ததைவிடப் பயந்தவராகத் தெரிந்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

"ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?"

"இல்ல. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டா நீங்க போயிடலாம். நிக்காஹ்வுக்கு அப்புறம்..."

"மேடம்!"

பைக் சத்தம் நின்றது. ஏட்டு அய்யப்பன். எங்கள் போலீசாரின் சிவப்புத் தொப்பியை அரை மைல் தூரத்திலேயே பார்த்துவிடலாம், அன்று மட்டும் நான் பார்க்கவில்லை.

"நல்லவேளை மேடம், உங்களத்தான் நெனச்சினு வந்தேன். மச்சான் குடும்பம் வருது, பரேடு பாக்கணும்ன்றாங்க. நாலு அழைப்பிதழ் போட்டுக் குடுத்துருங்க. வெயில்ல நிக்க வைக்காத பந்தலுக்குள்ள." பிறகு ஆரிப்பைப் பார்த்தார். பார்வை சட்டையில் தொடங்கிச் செருப்பு வரை போய்த் திரும்பியது. "சாரு?"

"நாளைக்கு ஆபீசுக்கு வாங்க அய்யப்பன்," என்றேன்.

அவர் போனார். போனவர் சும்மா போகவில்லை என்பது ஆறாவது நிமிடத்தில் தெரிந்தது. அம்மா போன் செய்தார்.

"ஏம்மா, லைட் ஹவுஸ்கிட்ட நீலச் சட்ட போட்ட ஆளோட நின்னு பேசிட்டிருக்கியாமே? அய்யப்பன் பொண்டாட்டி சொல்றா. யாரது?"

ஒரே நாளில் அம்மாவிடம் இரண்டாவது பொய் சொல்ல மனமில்லை. ஆனால் உண்மையை எவ்வளவு கொடுப்பது என்பது என் கையில்தானே.

"டெல்லியிலேர்ந்து வந்திருக்காரும்மா. எடத்தைப் பாக்க வந்தாரு. வைக்கிறேன்."

ஆரிப் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிக்காதீங்க. இந்த ஊர்ல மனுஷன் வாழ முடியுமா சொல்லுங்க? தும்முனா நாலு தெரு தள்ளி மருந்து அரைக்கிறாங்க!"

"டெல்லியில இப்டியெல்லாம் யாரும் ரோட்ல நிறுத்திப் பேச மாட்டாங்க," என்றார்.

"குடுத்து வச்சவரு நீங்க," என்றேன்.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. ஏன் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. தாவரவியல் பூங்காவுக்குப் போய்விடலாம் என்றேன். மரங்கள் அதிகம், மதியத்தில் ஆள் குறைவு. அவர் என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் என் ஹேண்ட்பேக்கை எல்லைக் கல் மாதிரி வைத்தேன்.

பூங்காவில் ஆள் குறைவுதான். ஒரே ஒருவர். ரிட்டயர்டு பிரெஞ்சு வாத்தியார் தேவதாஸ், கையில் குடை, தலையில் வெள்ளைத் தொப்பி. நாங்கள் மூலையில் ஒரு பெஞ்சைத் தேடிப் பிடித்து, நான் "நிக்காஹ்வுக்கு..." என்று வாயெடுத்ததும் "போன்ழூர், மத்மோசெல் இஃப்ஃபத்!" என்று வந்து நின்றார். நின்றால் பரவாயில்லை. எங்களுக்கு நடுவில் ஹேண்ட்பேக் இருந்த இடத்தில், ஹேண்ட்பேக்கைத் தூக்கி என் மடியில் கொடுத்துவிட்டு, உட்கார்ந்தார்.

"போன வருஷம் எனக்கு ஒலிபெருக்கிப் பொட்டிக்குப் பின்னாடி சீட்டு போட்டுட்டீங்க. தேசிய கீதம் முழுசும் என் நெஞ்சுக்குள்ளயே அடிச்சுது. டாக்டர்கிட்ட போக வேண்டியதாப் போச்சு."

"இந்த வருஷம் மாத்திடுறேன் சார்."

"மெர்சி, மெர்சி." பிறகு ஆரிப் பக்கம் திரும்பினார். "முசே எங்கிருந்து?"

"டெல்லி," என்றார் ஆரிப்.

தேவதாஸ் சாரின் குடை தரையில் விழுந்தது. டெல்லி என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் அப்படி ஒரு மரியாதை. மாநில அந்தஸ்து அங்கிருந்துதான் வர வேண்டும், வந்தபாடில்லை. ஆகையால் அந்தத் திசையிலிருந்து காக்கை பறந்தாலும் அண்ணாந்து பார்ப்போம். அவர் எழுந்தார், சட்டைக் காலரைச் சரிசெய்தார், ஆரிப்பின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். "புரியுது, புரியுது. சத்தமில்லாம வந்திருக்கீங்க. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, யாரிடமாவது சொல்வதற்காக வேகமாக நடந்தார்.

எனக்குத் தலை சுற்றியது. "பாத்தீங்களா? பாத்தீங்களா? பூங்காவுல கூட உக்கார முடியல. சத்தியமா சொல்றேன், ஒருநாள் இல்ல ஒருநாள் பொட்டியக் கட்டினு ஓடத்தான் போறேன்!"

 ஆரிப் போனை எடுத்து, நிதானமாக ஏதோ டைப் செய்தார். அனுப்பிவிட்டுப் பாக்கெட்டில் வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேன், இவருக்கு அதற்குள் யாரோடோ பேச்சு. இதுவும் மூன்றோடு நான்காவதுதான் என்று தோன்றியது. இருந்தாலும் கேட்டே தீருவது என்று மூச்சை இழுத்தேன். என் போன் அடித்தது.

பாக்கியலட்சுமி மேடம். எங்கள் பிரிவின் கண்காணிப்பாளர். இருபத்தெட்டு வருடச் சர்வீசில் ஒருமுறைகூட ஒரு பூங்கொத்தைத் தாமதமாகக் கொடுக்காதவர்.

"இஃப்ஃபத், லீவுல இருக்கியேன்னு பாக்காதடி. அவசரம். டெல்லியிலேர்ந்து பெரிய அதிகாரி ஒருத்தர் ரகசியமா வந்து ஊரைச் சுத்திப் பாக்குறாராம். நீலச் சட்ட, கறுப்புக் கண்ணாடி. பீச்சுல பரேடு எடத்தப் பாத்திருக்காரு, இப்ப பார்க்குல இருக்காராம். எந்தக் கெஸ்ட் ஹவுஸ்னே தெரியல. உன்கூட இருக்கிறதா வேற ஒருத்தர் சொல்றாரு, ஆனா நீ வூட்லதான இருக்க?"

"வூட்லதான் மேடம்," என்றேன். ஒரு மைனா பக்கத்தில் நின்று கத்தியது.

"காரை அனுப்பியிருக்கேன். பூங்கொத்தும் வாங்கியாச்சு. கண்டுபுடிச்சுருவோம்."

பூங்கா வாசலில் வெள்ளைக் கார் ஒன்று திரும்புவதைப் பார்த்தேன். சிவப்பு ரோஜாவும் ஜிகினாத் தாளும் முன் கண்ணாடி வழியாகத் தெரிந்தன. எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இன்றுவரை தெரியாது. "ஏறுங்க!" என்றேன்.

"எங்க?"

"வேற ஸ்டேட்டுக்கு!"

எங்கள் ஊரின் பெரிய வசதி அது. இருபது நிமிடம் வண்டி ஓட்டினால் தமிழ்நாடு வந்துவிடும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஆனால் ஊர் வாய் எல்லையோடு நின்றுவிடும் என்பது என் கணக்கு. ஹெல்மெட் கட்டாயம் என்று அரசு போட்ட உத்தரவுக்கு அன்றுதான் மனதார நன்றி சொன்னேன். பின்பக்கக் கேட் வழியாக வெளியேறி, முத்தியால்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறந்தேன்.

கோட்டக்குப்பம் தமிழ்நாடுதான். அங்கே நிறுத்த முடியாது. மூன்று வீட்டுக்கு ஒரு வீடு அம்மா வழிச் சொந்தம். பொம்மையார்பாளையத்தில் நிறுத்தலாம் என்று பிரேக்கில் கை வைத்தேன், எதிரே எங்கள் ஆபீஸ் ஜீப் வந்தது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் காலாப்பட்டு, அது மறுபடி புதுச்சேரி. எங்கள் ஆட்சிப் பகுதியை அந்தக் காலத்தில் பங்கு போட்டவர்கள் கோலமாவு தூவுவது மாதிரி தூவிவிட்டுப் போயிருக்கிறார்கள், கோடு மட்டும் இழுக்கவில்லை. காலாப்பட்டையும் தாண்டினால் கடைசியாகக் கனகசெட்டிக்குளம், அதற்கப்புறம் நிஜமான தமிழ்நாடு.

"எல்லை வந்துட்டா எப்டித் தெரியும்?" என்று பின்னாலிருந்து ஆரிப் கத்தினார்.

"வரிசையா மதுக்கடை வந்தா எங்க ஊரு. நின்னுபோச்சுன்னா தமிழ்நாடு!"

கடைகள் வந்தன, வந்தன, பிறகு வரவில்லை. ஒரு பிரமாண்டமான காதணி விழா பேனர் மட்டும் இருந்தது. குழந்தையின் படம் சிறிதாகவும் எம்.எல்.ஏ. படம் பெரிதாகவும். அதைத் தாண்டியதும் கடலை நோக்கி ஒரு மணல் பாதை. வண்டியைத் திருப்பினேன். காற்று முகத்தில் அடித்தது, உப்பு வாசனை, இறால் குஞ்சுப் பண்ணையின் மோட்டார் சத்தம், ஆள் அரவமில்லை. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. வேறு மாநிலம்! இங்கே என்னை யாருக்கும் தெரியாது, நாற்காலி கேட்க யாரும் இல்லை!

கரையேற்றிய ஒரு ஃபைபர் படகின் நிழலில் நின்றோம். மணி மூன்றரை.

"ஆரிப், இப்பவாவது கேட்டுடுறேன்."

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றார். கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க கவலையே படாதீங்க. டெல்லியில உங்களுக்கு யாரும் தொந்தரவு குடுக்க மாட்டாங்க. பக்கத்து வீட்டுல யாருன்னு எனக்கே தெரியாது. பதினோரு வருஷமா தெரியாது."

அவ்வளவுதான். கேள்வி கேட்கும் முன்பே பதில் வந்துவிட்டது. இவரும் என்னை மூட்டை கட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார். காலையிலிருந்து உள்ளே குதித்துக்கொண்டிருந்தது எல்லாம் அடங்கிவிட்டது. எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது என்பது அந்த நொடியில்தான் தெரிந்தது, அதனால் கோபம் இரண்டு மடங்காக வந்தது. வாயைத் திறந்தேன்.

"யாரது, முல்லா வீதி இஃப்ஃபத்து பாப்பாவா?"

படகின் மறுபக்கத்திலிருந்து ஒரு தலை எழுந்தது. முத்தம்மாள். எங்கள் தெருவுக்கு இருபது வருடமாக மீன் கொண்டுவருபவர். காலையில் எனக்குச் சங்கரா ஆய்ந்து கொடுத்த அதே கையில் இப்போது கிழிந்த வலை.

"முத்தம்மாக்கா! நீங்க எப்டி தமிழ்நாட்டுல?"

"எந்தத் தமிழ்நாடு? இது கனகசெட்டிக்குளம். எங்க ஊரு."

"மதுக்கடையே இல்லியே!"

"ஏன் இல்லாம? ரெண்டு கீது. காதுகுத்து பேனர அதும் மேலயே கட்டிக்கிறானுங்க, கடைக்காரன் காலையிலேர்ந்து கத்தினு கெடக்கறான்."

இரண்டு தடவை மாநிலம் மாறி, பதினேழு கிலோமீட்டர் ஓடி, என் சொந்தத் தலைநகரத்துக்கே திரும்பி வந்திருந்தேன். விழாவுக்கு விழா வரைபடம் போடும் அரசு ஊழியர் நான். சிரிப்புப் பீறிட்டது, நிறுத்த முடியவில்லை. ஆனால் முத்தம்மாள் என்னைப் பார்க்கவில்லை. இடுப்பில் கைவைத்து ஆரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீங்களா! நல்லா கீதா உங்க நாயம்? நேத்து டவுன்ல சாரம் ஏரியாவுல எம் பொண்ணு தேவிப்பிரியா வூட்டு மாடிய வந்து பாத்துட்டு, ரொம்பப் புடிச்சிருக்குன்னீங்க. நான் மீன் குடுக்கப் போனவ, என் காதால கேட்டேன். இன்னிக்கு மத்தியானம் வேணாம்னு மெசேஜ் போட்டீங்களாமே? எம் பொண்ணு போன் பண்ணி அழுவாத கொறையாச் சொல்றா."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"எந்த மாடி?" என்றேன்.

"உனுக்குத் தெரியாதா? இவரு குடியிருக்கத்தான்! 'என் வூட்டுக்காரம்மாவுக்கு செகரட்டேரியட் பக்கம் வேல, இங்கேர்ந்து எவ்ளோ நேரமாவும்'னு கேட்டாரு. கேட்டதோட வுட்டாரா? ஆட்டோ வெச்சுப் போயிப் பாத்துட்டுத் திரும்பி வந்து, பத்து நிமிசம்தான்னு சொல்றாரு. ஆம்பள இப்டி அளந்து பாத்து நான் பாத்ததில்ல."

ஆரிப்பின் காது சிவந்துவிட்டது. பூங்காவில் அவர் நிதானமாக டைப் செய்தது எனக்கு ஞாபகம் வந்தது. நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடப்போவதாகச் சத்தியம் செய்த மறுநிமிடம் அது.

"நீங்க இங்க வர்றதா இருந்தீங்களா?"

"இருந்தேன். வீட்டிலேர்ந்தே வேல பாக்க கம்பெனியில சரின்னுட்டாங்க. ஆனா உங்க அத்தா எங்க அக்காகிட்ட முதல்லயே சொல்லிட்டாரு, பொண்ணுக்கு இந்த ஊரே புடிக்கல, வேலைய விட்டுட்டு டெல்லிக்கு வரத் தயாரா இருக்கான்னு. நீங்க ஆசைப்பட்டு வர்றப்ப நான் எப்டி இங்கதான் இருக்கணும்னு சொல்றது? ஒரு வேள நீங்க சரின்னா இருக்கட்டும்னு வீட்டப் பாத்து வச்சுட்டு, நேர்ல கேட்டுக்கலாம்னு வந்தேன். வந்ததிலேர்ந்து ஊரைத் திட்டிட்டே இருக்கீங்க."

"அது எங்க ஊரு, நான் திட்டுவேன்!" என்று கத்தினேன். "திட்டுனா போறேன்னு அர்த்தமா? உங்களுக்கு என்ன வந்தது இங்க வரணும்னு?"

 "முந்தாநாள் கதிர்காமத்துல டீ குடிக்கப் போனேன். டீக்கடைக்காரர் யார் வூட்டுப் புள்ளன்னு கேட்டாரு. நேத்து போனப்ப பேர் சொல்லிக் கூப்புட்டாரு. பதினோரு வருஷத்துல டெல்லியில என்னைப் பேர் சொல்லி ஒரு டீக்கடையில கூப்புட்டதில்ல. அவ்ளோதான். எனக்கு அது போதும்போல இருந்துச்சு."

எனக்கு அந்த மணலிலேயே உருள வேண்டும்போல இருந்தது. அரசு ஊழியருக்கு அழகில்லை என்பதால் படகை ஒரு தட்டுத் தட்டினேன்.

"பேசினே நிக்கிறீங்களே," என்றார் முத்தம்மாள். "மாடியப் பாக்க வேற ஆளு நாலு மணிக்கு வருது. இப்ப மணி என்னா?"

மூன்று ஐம்பது. ஆரிப் போனை அவசரமாக வெளியே இழுத்தார், அது மணலில் விழுந்தது. நான் எடுத்துத் துடைத்து தேவிப்பிரியாவுக்குப் போட்டேன். "அக்கா, மாடிய யாருக்கும் குடுக்காதீங்க. நான் யாரா? நான்தான் அந்த வூட்டுக்காரம்மா!" சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஆரிப் சிரித்துக்கொண்டே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். முத்தம்மாள் குலவை போட்டுவிட்டார்.

அடுத்து பாக்கியலட்சுமி மேடம். நானே கூப்பிட்டேன்.

"மேடம், டெல்லியிலேர்ந்து வந்தது அதிகாரி இல்ல. எனக்குப் பாத்திருக்கிற மாப்பிள்ளை. மன்னிச்சுருங்க."

 "பூங்கொத்து வாங்கியாச்சேடி," என்றார். "வீணாக்கக் கூடாது. ஆறு மணிக்கு வூட்டுக்கு எடுத்துனு வரேன்."

பாக்கி அத்தாதான். அவர் பெயரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். என் அத்தா அன்வருதீன் நேரு வீதியில் முப்பது வருடமாகத் துணிக்கடை வைத்திருப்பவர். சாயம் போகும் துணியை சாயம் போகும் என்று சொல்லி விற்பவர். அவர் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்.

"ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னுதான் சொல்லிக்கிறாங்க. பெத்தவரத் திட்டாத," என்றார் முத்தம்மாள். காது அவருக்கு எப்போதும் அடுத்தவர் மனதில்தான்.

முதல் மணியிலேயே அத்தா எடுத்தார். "எங்கம்மா இருக்க? நேரமாவுது. அம்மா பிரியாணிக்குத் தம் போட்டுட்டா."

"அத்தா, நான் வேலைய விட்டுட்டு டெல்லிக்குப் போறேன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

 அண்டாவை நகர்த்தும் சத்தம் மட்டும் கேட்டது.

"மூணு தடவ முறிஞ்சுபோச்சும்மா," என்றார் கடைசியில். "ஒவ்வொரு தடவையும் நீ ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிற. இந்த ஊரை தெனம் திட்டுற. ஒரு வேள என்னாலதான் இங்க கெடக்குறியோ, வெளிய போவணும்னு உள்ளுக்குள்ள ஆசையோன்னு நெனச்சேன். அத்தா பாத்துப்பேன்மா. நீ போயி நல்லா இருந்தாப் போதும்."

முப்பத்தொரு வருடம் அவர் வீட்டில் சோறு தின்றிருக்கிறேன். இந்த ஊர் எனக்குப் பிடிக்கும் என்று அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதே இல்லை என்று நினைத்திருந்தேன். எல்லாமே எல்லோருக்கும் தெரிந்த ஊரில், இது மட்டும் யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறது.

"அத்தா, எனக்கு இந்த ஊரு புடிக்கும். ரொம்பப் புடிக்கும். வேலைய விட மாட்டேன். உங்களையும் அம்மாவையும் விட்டுட்டு எங்கயும் போவ மாட்டேன். ஆரிப் இங்க வராரு. சாரத்துல வூடு பாத்தாச்சு."

"சாரத்துலயா?" என்றார். "நம்ம சாரத்துலயா?"

"ஆமா அத்தா. பத்து நிமிஷம்."

போனை அவர் கட் செய்யவில்லை. அப்படியே எங்கோ வைத்துவிட்டு நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு, கடையில்கூட ஒருநாளும் சத்தம் போட்டுப் பேசாத என் அத்தா, அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினார். "அக்தரு! அக்தரு! புள்ள எங்கயும் போவலயாம்!" பாதியில் குரல் உடைந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து கத்தினார். எங்கள் வீட்டுச் சமையல்கட்டு ஜன்னல் தெருவைப் பார்த்தது. முல்லா வீதி முழுக்க எழுந்து உட்கார்ந்திருக்கும். கேட்கட்டும் என்று போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன்.